காட்டுத்தீயின் அலைவரிசைகள்

அமெரிக்காவின் மேற்கு மலைகளில் கோடைக்காலத்தில் மழையே இல்லாமல் இடியும் மின்னலும் மட்டும் வந்து போகும். மறுநாள் காலையில் ஏதாவது ஒரு முகட்டில் புகை எழும். அந்த மலைகளில் பல காட்டுத்தீக்கள் இப்படித்தான் பிறக்கின்றன. ஆனால் அதே மின்னல் 3 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ரேடியோவையும் செவிடாக்கிவிடும். இடிமேகம் தலைக்கு மேல் நிற்கும்போது அந்த அலைவரிசையைத் திறந்தால் காதைக் கிழிக்கும் படபடப்பு ஒன்றுதான் கேட்கும். எந்த நேரத்தில் செய்தி போயே ஆகவேண்டுமோ, அந்த நேரத்தில்தான் போகாது. அமெரிக்க வனத்துறையின் வயர்லெஸ் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோது என்னைப் பிடித்து நிறுத்தியது இந்தச் சிக்கல்தான்.

நான் ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லாண்டை ஒட்டிய பீவர்ட்டனில் வசிக்கும் எலெக்ட்ரானிக்ஸ் பொறியாளன். திருச்சியில் கல்லூரியில் படித்த நாளிலேயே அமெச்சூர் வானொலிப் பித்து பிடித்துவிட்டது. இங்கே வந்ததும் அமெரிக்க உரிமமும் எடுத்தேன். 2020 செப்டம்பரில் ஆரிகனில் 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. வானம் ஆரஞ்சு நிறமாகிவிட்டது. ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணியை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தோம். அப்போதுதான் என் கைரேடியோவை 168 மெகாஹெர்ட்ஸ் பக்கம் திருப்பி, தீயணைப்புப் படைகள் பேசுவதைக் கேட்க ஆரம்பித்தேன். யாரும் பதறவில்லை. முதலில் எதிர்முனையில் இருப்பவரின் பெயர், பிறகு தன் பெயர், பதில் வந்த பிறகே செய்தி, கேட்டவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகே அடுத்த பேச்சு. இவ்வளவு ஒழுங்கை ஒரே நாளில் யாரும் கற்றுக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றியது. இது எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

1910 ஆகஸ்ட் 20, 21 தேதிகளில் ஐடஹோ, மோன்டானா எல்லைக் காடுகளில் புயல்காற்றோடு எழுந்த தீ சுமார் 30 லட்சம் ஏக்கரை எரித்தது. ஏறத்தாழ 85 பேர் மாண்டார்கள். வாலஸ் ஊருக்குப் பக்கத்தில் எட் புலாஸ்கி என்ற ரேஞ்சர் தன் ஆட்களை ஒரு பழைய சுரங்கத்துக்குள் ஓட்டிப்போய், வெளியே ஓடப் பார்த்தவர்களைத் துப்பாக்கி காட்டி நிறுத்திக் காப்பாற்றிய கதையை இங்கே பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். எனக்கு அந்தக் கதையில் உறுத்துவது வேறு. மலை மலையாகச் சிதறிக்கிடந்த ஆட்களுக்குக் காற்று திரும்பிவிட்டது, இறங்கி வாருங்கள் என்று சொல்ல ஒரு வழியும் இல்லை. ஒரு ஆள் நடந்தோ குதிரையிலோ போய்த்தான் சொல்லியாக வேண்டும். அந்த ஆளை முந்திக்கொண்டு தீ போய்விட்டது.

அதற்குப் பிறகு வனத்துறை காடு முழுக்கத் தொலைபேசிக் கம்பி இழுத்தது. கம்பம் நட்டு இழுக்கப் பணம் ஏது? நிற்கிற மரங்களே கம்பங்கள். 9ஆம் நம்பர் துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி ஒன்றே ஒன்று. திரும்பும் மின்னோட்டத்துக்குப் பூமிதான் வழி. இந்தக் கம்பியைத் தாங்கிய பீங்கானைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அது இரண்டு பாதிகளாக இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் நடுத்துளையில் கம்பி இறுகாமல் வழுக்கி ஓடும். எங்காவது ஒரு மரம் கம்பிமேல் சாய்ந்தால், அக்கம்பக்கத்து மரங்களில் தளர்வாக விட்டுவைத்த கம்பி இழுபட்டுக் கொடுக்கும், அறாது. கம்பி தரையில் கிடந்தாலும் பேச்சு ஒருவழியாக நடக்கும். காட்டோடு வாழ்ந்தவர்கள் யோசித்துச் செய்த வேலை அது. ஆனால் தீ வந்தால் மரமும் போய்விடும், கம்பியும் போய்விடும். தவிர, கம்பி போன இடத்தில்தான் தீப்பிடிக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

கண்ணாடியில் வெயிலைப் பிரதிபலித்துச் சைகை காட்டும் ஹீலியோகிராஃபை முயன்றார்கள். 1919இல் ராணுவ விமானங்கள் கலிபோர்னியக் காடுகளுக்கு மேலே தீக்காவல் பறந்தபோது புறாக்களையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். புகையைக் கண்டால் இடத்தை எழுதிப் புறாவின் காலில் கட்டிப் பறக்கவிடுவது. புகைக்கு மேலே ஆள் இருக்கிறார், கீழே இருப்பவருக்குச் சொல்லத்தான் வாயில்லை.

1927இல் டுவைட் பீட்டி என்ற வனத்துறை ஆய்வாளர் மோன்டானாவின் மிஸ்ஸூலா நகரில் இருந்துகொண்டு ஒரு ரேடியோ கட்டத் தொடங்கினார். நாட்டின் தலைநகரில் தீத்தடுப்புப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ராய் ஹெட்லி அவருக்கு ஆதரவு தந்தார். அன்று ரேடியோக் கம்பெனிகளின் கவனமெல்லாம் கப்பல்களிலும் வீட்டுக் கூடங்களிலும் இருந்தது. பீட்டிக்கு வேண்டியது வேறு. கோவேறு கழுதையின் முதுகில் கட்டிக் கொண்டுபோக வேண்டும், கீழே விழுந்தாலும் உடையக் கூடாது, உலர் பேட்டரியில் ஓட வேண்டும், ரேடியோ தெரியாத மரவெட்டியும் இயக்க வேண்டும். அப்படி ஒன்று கடையில் கிடையாது. ஆகவே வனத்துறை தன் ரேடியோவைத் தானே செய்துகொண்டது. அந்த வேலைக்காக உருவான ஆய்வகம் இயங்கியது எங்கள் போர்ட்லாண்டில்தான். கேல் சிம்ஸன், ஹெரால்ட் லாஸன் போன்ற பொறியாளர்கள் பீட்டியோடு சேர்ந்தார்கள். கணினிச் சில்லுகளுக்குப் பேர்போன இந்த வட்டாரத்தில் இவர்கள் பெயர் தெரிந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

1930 வாக்கில் வந்த அவர்களது முதல் சிறிய செட்டால் குரலை அனுப்ப முடியாது. மோர்ஸ் தந்தியில்தான் அனுப்பும். குரலைக் கேட்க மட்டும் முடியும். அதாவது மலைமேல் இருப்பவர் கட்டுக்கடா என்று தட்டுவார், கீழ்முகாமில் இருப்பவர் பெரிய செட்டில் வாய்விட்டுப் பதில் சொல்வார். எடையையும் பேட்டரியையும் மிச்சப்படுத்தக் கண்டுபிடித்த சமரசம் இது. கோடைக்கு மட்டும் வேலைக்கு வந்த இளைஞர்கள் மோர்ஸ் கற்றுக்கொண்டார்கள். அடுத்த சில வருடங்களில் குரலையும் அனுப்பும் செட்டுகள் வந்தன.

இவையெல்லாம் 3 மெகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில் இயங்கியவை. அந்த அலைக்கு ஒழுங்கான ஏரியல் வேண்டுமென்றால் 150 அடிக்கும் மேல் கம்பியை இரண்டு மரங்களுக்கு நடுவே கட்ட வேண்டும். கல்லில் கயிற்றைக் கட்டிக் கிளைமேல் எறிந்து நான் பலமுறை கட்டியிருக்கிறேன். வெயிலில், அவசரமே இல்லாத நாளில் அதுவே பெரிய பாடு. முதுகில் மூட்டையோடு மலையேறி, எதிரே புகை பொங்க, ஒற்றை ஆளாகக் கட்டுவதை நினைத்துப் பாருங்கள். அதோடு அந்த மின்னல் இரைச்சல் வேறு.

1930களின் நடுவில் ஆய்வகம் 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே ஏறியது. அப்போது அது ஏறக்குறைய ஆள் புழங்காத பகுதி. ஏரியல் பத்து மடங்கு சிறுத்தது. மின்னலின் இரைச்சல் பெருமளவு குறைந்தது. ஆனால் இந்த அலை நேர்கோட்டில் போகும். மலை குறுக்கே நின்றால் தாண்டுவது கடினம். நகரத்துப் பொறியாளர்கள் அதைக் குறையாகப் பார்த்தார்கள். வனத்துறைக்கோ ஏற்கெனவே மேற்கு மலைகளின் உச்சிகளில் கண்காணிப்புக் கோபுரங்கள் இருந்தன. புகையைக் கண்ணால் பார்க்க வசதியான இடமென்று பார்த்துப் பார்த்துக் கட்டியவை. கண்ணுக்கு எட்டுவது இந்த அலைக்கும் எட்டும்! கோபுரத்தில் இருப்பவர் தன் பார்வைக்குள் வரும் பள்ளத்தாக்குகளுக்கெல்லாம் காதாகவும் ஆனார். ஒரு முகட்டிலிருந்து கேட்டதை அடுத்த முகட்டுக்குச் சொன்னார். மலைமுகடும் நேர்கோட்டு அலையும் அன்று செய்துகொண்ட உறவு இன்றுவரை தொடர்கிறது. நன்மை, தொல்லை இரண்டும் அதிலிருந்தே வந்தன.

செட்டு நன்றாக இருந்தால் போதாது. அது ஆளோடு போய்ச் சேர வேண்டும். 1949 ஆகஸ்ட் 5 அன்று மோன்டானாவில் மிசௌரி ஆற்றங்கரைப் பள்ளத்தாக்கான மான் கல்ச்சில் மூண்ட தீயை அணைக்க, விமானத்திலிருந்து குதிக்கும் தீயணைப்பாளர்களான ஸ்மோக்ஜம்பர்கள் 15 பேர் பாராசூட்டில் இறங்கினார்கள். அன்று காற்றுக் கொந்தளிப்பு அதிகம். விமானம் வழக்கத்தைவிட உயரத்திலிருந்து பொருட்களைப் போட்டது. அவை மலைச்சரிவெங்கும் சிதறின. ரேடியோவைக் கட்டியிருந்த பாராசூட் விரியவே இல்லை. தரையில் மோதி நொறுங்கியது. அவர்களிடம் இருந்தது அந்த ஒரே ரேடியோதான்.

தீயோடு போராடிக்கொண்டிருந்த ஒரு வனக்காவலரும் அவர்களோடு சேர்ந்தார். இரண்டு மணி நேரத்துக்குள் தீ பள்ளத்தாக்கைத் தாண்டி, காய்ந்த புல்லில் ஏறித் துரத்தியது. தலைவர் வாக்னர் டாட்ஜ் தன் முன்னால் இருந்த புல்லுக்குத் தானே தீ வைத்து, எரிந்த சாம்பலில் படுத்துப் பிழைத்தார். ராபர்ட் சாலியும் வால்டர் ரம்ஸியும் முகட்டுப் பாறையின் வெடிப்பில் புகுந்து தப்பினார்கள். 13 பேர் இறந்தார்கள். ரேடியோ உடையாமல் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்களா? தீ திரும்பிய வேகத்தைப் பார்த்தால் அப்படிச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் அதன் பிறகு நடந்ததற்குப் பதில் தெளிவு. தீக்காயத்தோடு உயிர் ஊசலாடியவருக்குத் துணையாக ரம்ஸி உட்கார்ந்திருக்க, டாட்ஜும் சாலியும் உதவி கேட்க ஆற்றை நோக்கி இறங்கிப் போனார்கள். 1910இல் போலவே, ஒரு ஆள் நடந்து போய்த்தான் சொல்ல வேண்டியிருந்தது.

1957இல் வனத்துறை தீயணைப்பாளர்களுக்குப் பத்துக் கட்டளைகளை வகுத்தபோது, உன் ஆட்களோடும் மேலதிகாரியோடும் பக்கத்துப் படைகளோடும் தொடர்பை விடாதே என்பது அவற்றில் ஒன்றாயிற்று. பக்கத்துப் படைகளோடும் என்ற அந்தச் சொல்லில்தான் அடுத்த சிக்கல் காத்திருந்தது.

போருக்குப் பிறகு ரேடியோக்கள் எஃப்எம்முக்கு மாறி, 150இலிருந்து 174 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதிக்குக் குடியேறின. இங்கே ஒரு நிர்வாகப் பிளவு உண்டு. மத்திய அரசுத் துறைகளுக்கு அலைவரிசை ஒதுக்குவது ஒரு அமைப்பு. மாநிலங்களுக்கும் ஊர்த் தீயணைப்புத் துறைகளுக்கும் ஒதுக்குவது எஃப்சிசி என்ற இன்னொன்று. அதனால் வனத்துறை 162க்கும் 174க்கும் இடையில் பேசியது. கலிபோர்னிய மாநிலப் படை 151இல், ஊர்ப் படைகள் 154இல். அன்றைய செட்டுகளில் ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஒரு குவார்ட்ஸ் படிகம் வெட்டிப் பொருத்த வேண்டும். படிகம் இல்லாத அலைவரிசையில் பேசவும் முடியாது, கேட்கவும் முடியாது. ஒரே தீயின் இரு பக்கமும் நிற்பவர்கள், ஒருவர் வண்டி இன்னொருவர் கண்ணுக்குத் தெரிய, ஒரு வார்த்தை பேசிக்கொள்ள முடியாமல் நின்றார்கள்.

1970 செப்டம்பர், அக்டோபரில் 13 நாட்களில் கலிபோர்னியாவில் 5 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்து, 16 பேர் இறந்து, 700க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலான பிறகுதான் இந்த நிலை எல்லோருக்கும் உறைத்தது. ஃபயர்ஸ்கோப் என்ற கூட்டுத்திட்டம் பிறந்தது. அதிலிருந்து வந்த ஐசிஎஸ் என்ற நிர்வாக முறை சொன்ன முதல் விஷயங்களில் ஒன்று: ரகசியக் குறியெண்களை விட்டுவிட்டு எளிய பேச்சில் பேசுங்கள். ஒரு குறியெண்ணுக்கு ஒரு துறையில் ஒரு அர்த்தம், அடுத்த துறையில் வேறு அர்த்தம் என்றிருந்தால் தீ காத்திருக்காது. 2020இல் என் காதில் விழுந்த அந்த நிதானமான பேச்சுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

ஐடஹோவின் பாய்ஸி நகரில் 1965இலிருந்து இயங்கும் தேசியத் தீ மையம் ஆயிரக்கணக்கான ரேடியோக்களைப் பெட்டி பெட்டியாகத் தயாராக வைத்திருக்கிறது. பெருந்தீ எங்கே மூண்டாலும் கைரேடியோக்களும், கேட்டதை அப்படியே மறுபடி ஒலிபரப்பும் ரிப்பீட்டர்களும் அங்கே போய்ச் சேரும். ஹெலிகாப்டர் ரிப்பீட்டரை முகட்டில் இறக்கிவிட்டுப் போகும். அது வந்து சேரும்வரை ஒரு ஆளே முகட்டில் நின்று இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் சொல்வார். அவரை மனித ரிப்பீட்டர் என்கிறார்கள். பழைய கோபுரத்து ஆள் செய்த அதே வேலை.

தீக்களத்தில் ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஒரு வேலை உண்டு. பக்கத்தில் நிற்பவர்கள் தங்களுக்குள் பேச டாக்டிகல் வரிசைகள்: 168.050, 168.200, 168.600 என்று போகும். இவை ரிப்பீட்டர் ஏறாது. வேண்டுமென்றே எட்டத்தைக் குறைத்து வைத்தது. தலைமையோடு பேச ரிப்பீட்டர் வழியாகக் கமாண்ட் வரிசை. விமானத்தோடு பேசத் தனி வரிசை. எல்லாவற்றுக்கும் மேலே 168.625. தீயணைப்பு விமானங்கள் எந்நேரமும் காது வைத்திருக்கும் ஏர் கார்ட் வரிசை. உயிராபத்து, அவசர அழைப்பு போன்றவற்றுக்குத் தவிர அதில் யாரும் வாய் திறப்பதில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் ஐசிஎஸ் 205 என்ற தாளில் அன்றைய அலைவரிசைகள் அச்சாகி எல்லோர் கைக்கும் வரும்.

ஆரிகன் கடற்கரையில் சீசைட் ஊரில் ஜூன் மாதம் நடக்கும் அமெச்சூர் வானொலிச் சந்தையில் கிங் என்ற பெயரில் வந்த ஒரு பழைய கைரேடியோவை வாங்கினேன். தீயணைப்பாளர் எவரோ வருடக்கணக்கில் மார்பில் கட்டிக்கொண்டு திரிந்தது. பட்டன்களின் எழுத்து தேய்ந்து, ஓரங்களில் கரியும் மண்ணும் இறுகிப்போயிருந்தன. முதுகில் ஒட்டிய டேப்பில் வரிசைப் பெயர்களைப் பேனாவால் எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருந்தார்கள். அடியில் உள்ள கூட்டைத் திறந்தால் சாதாரணப் பென்டார்ச் செல்களைப் போடலாம். சார்ஜ் ஏற்ற வழியில்லாத மலையில் அதுதான் கைகொடுக்கும். கணினி இல்லாமலே அலைவரிசையை விரலால் அமுக்கிப் பதிக்கலாம். இல்லையென்றால் இரண்டு ரேடியோக்களைக் கேபிளால் இணைத்து ஒன்றில் இருப்பதை மற்றதில் அப்படியே ஏற்றலாம். முகாமுக்கு வரும் படைகள் முதலில் வந்து நிற்பது இந்தக் கேபிள் வைத்திருப்பவரிடம்தான். வணிகச் சந்தையில் இதைவிடப் பகட்டான ரேடியோக்கள் எத்தனையோ வந்தும் தீக்களம் இந்த வகையை விடாததற்குக் காரணம் இவைதான்.

அலைவரிசையோடு இன்னோர் எண்ணையும் பதிக்க வேண்டும். 8,000 அடி முகட்டில் இருக்கும் ரிப்பீட்டருக்கு நூறு மைலுக்கு அப்பால் எரியும் வேறொரு தீயின் பேச்சும் கேட்டுத் தொலைக்கும். 1930களில் வரமாக வந்த அதே எட்டம்தான். அதைத் தடுக்கக் குரலோடு ஒரு மெல்லிய தொனியைச் சேர்த்து அனுப்புகிறார்கள்: 110.9 ஹெர்ட்ஸ், 123.0, 131.8 என்று ஒரு பட்டியல் உண்டு. ரிசீவர் அதை வடிகட்டிவிடுவதால் காதுக்குத் தெரியாது. சரியான பெயரைச் சொன்னால்தான் கதவைத் திறக்கும் காவலாளி மாதிரி, சரியான தொனி வந்தால்தான் ரிப்பீட்டர் திறக்கும். தொனி தப்பாக இருந்தால் உங்கள் ரேடியோவில் அனுப்பும் விளக்கு எரியும், நீங்களும் பேசியதாகவே நினைப்பீர்கள். யாருக்கும் போய்ச் சேர்ந்திருக்காது.

2013 ஜூன் 30 அன்று அரிசோனாவின் யார்னெல் மலையில் கிரானைட் மவுண்டன் ஹாட்ஷாட் என்ற காட்டுத்தீயணைப்புப் படையினர் 19 பேர் தீயில் சிக்கி இறந்தார்கள். அதை ஆராய்ந்த குழுவின் அறிக்கை, அன்று முழுவதும் ரேடியோத் தொடர்பு சிரமமாகவே இருந்தது என்றும், சில ரேடியோக்களில் உரிய தொனி பதிக்கப்படவில்லை என்றும் பதிவு செய்திருக்கிறது. மாலை 4.04இலிருந்து 4.37 வரை அந்தப் படையோடு பேசியதாக உறுதியான பதிவு எதுவும் அந்தக் குழுவுக்குக் கிடைக்கவில்லை. அந்த 33 நிமிடங்களில்தான் அவர்கள் எரிந்து முடிந்த பாதுகாப்பான பகுதியை விட்டு நகர்ந்தார்கள். சாவுக்குத் தொனிதான் காரணம் என்று அறிக்கை சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். ஆனாலும் ரேடியோவில் தொனி பதிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த அறிக்கை நினைவுக்கு வருகிறது.

இதற்கு நடுவே மத்திய அரசு தன் வரிசைகளை 25 கிலோஹெர்ட்ஸ் அகலத்திலிருந்து 12.5ஆகச் சுருக்கியது, கெடு 2005 ஜனவரி 1. மாநில, ஊர்த் துறைகளுக்கு எஃப்சிசி கொடுத்த கெடுவோ 2013 ஜனவரி 1. நடுவில் எட்டு வருடம். பழைய அகல ரேடியோவில் புதிய குறுகிய பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல மெலிந்து கேட்கும். காசில்லாத கிராமத்துத் தன்னார்வப் படைகள்தான் இதில் அதிகம் திண்டாடின.

கடைசியாக, என்னைப் போன்றவர்களுக்கான ஒரு வழக்கு. 2021 ஜூலையில் ஐடஹோவில் ஒரு காட்டுத்தீயை அணைத்துக்கொண்டிருந்தபோது, ஓர் அமெச்சூர் வானொலிக்காரர் தீயணைப்பாளர்களின் 151.145 மெகாஹெர்ட்ஸில் புகுந்து, அங்குள்ள ஒரு மலையின் ரேடியோத் தளத்தைப் பற்றி விமானங்களுக்குத் தகவல் சொன்னார். மறுவருடம் எஃப்சிசி அவருக்கு 34,000 டாலர் அபராதம் முன்மொழிந்தது. உதவத்தானே செய்தார் என்று எங்கள் வட்டாரத்தில் வாதாடியவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதத்தில் துளியும் உடன்பாடில்லை. கேட்பதை யாரும் தடுக்கவில்லை. தகவல் இருந்தால் தொலைபேசியில் சொல்லலாம். எஃப்எம்மில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு குரலும் கலந்து கேட்காது. வலுத்த அலை மட்டும் ரிசீவருக்குள் போகும். பள்ளத்தாக்கின் அடியிலிருந்து 5 வாட்டில் கூப்பிடுபவரின் குரல் தடமே இல்லாமல் அழிந்துபோகும். அவர் கூப்பிட்டார் என்பதே யாருக்கும் தெரியாது. எங்கள் கிளப்பில் புதிதாக உரிமம் எடுக்கும் பிள்ளைகளுக்கு நான் இதை முதல் வகுப்பிலேயே செய்து காட்டுகிறேன், எங்களுக்கு அனுமதியுள்ள 146 மெகாஹெர்ட்ஸில். ஒரு பையனைக் கைரேடியோவோடு கட்டடத்துக்குப் பின்னால் நிறுத்தி விடாமல் எண்ணச் சொல்வேன். அவன் நாற்பதைத் தாண்டும்போது என் பட்டனை அமுக்கிப் பத்து விநாடி பேசிவிட்டு விடுவேன். மற்றப் பிள்ளைகள் தங்கள் ரேடியோவில் கேட்ட எண்களை வரிசையாக எழுதிக் காட்ட வேண்டும்.